ஒன்று, உயிருடன்

தேர்தல் தேதி அறிவித்த மூன்றாம் நாள்.
லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம்
செம்பியம் ஸ்டேஷனுக்கு வந்தாக வேண்டும்.
ரைட்டர் மேசையில் நான்.
மூன்று கார்பன் தாள், ஒரு கட்டி அரக்கு,
மின்விசிறி அணைத்துக்கொண்டே இருக்கும் மெழுகுவத்தி.

முதலில் அகரம் ரங்கபாஷ்யம் நாயுடு, இரும்புக்கடை.
பழைய வேட்டியில் சுற்றிய ரைபிள்
ஆட்டோவில் மடியிலேயே வந்திருக்கிறது,
காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரி.
பாயிண்ட் டூ டூ. இரண்டு பெட்டி.
'நூறையும் எண்ணணுமா மேடம்?'
எண்ணினேன்.
சோளமுத்து போல ஈய முனை,
விரலில் கறுப்பு ஒட்டியது.

அடுத்து ஜமாலியா சதக்கத்துல்லா.
த்ரீ ஃபிஃப்டீன், பதினேழு தோட்டா,
ஈரம் படாமல் மெழுகுத்தாளில் தனித்தனியாக.
நாயுடுவின் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்:
'இதால சுட்டா பன்னி திரும்பிப் பாக்கும்,
யாருப்பா கூப்ட்டதுன்னு.'
'பேப்பர்ல ஓட்டை போட பீரங்கி எதுக்கு?' என்றார் நாயுடு.
'ஐம்பது மீட்டர்ல ஒரே ஓட்டை, அஞ்சு தடவை.
உன்னால ஆவுமா?'

அறுபத்தெட்டில் தடா தாண்டி
முந்திரிக்காட்டில் ஒரு பன்றி விழுந்தது.
அது எத்தனை எட்டு ஓடி விழுந்தது என்பதில்
இருவருக்கும் இன்னும் தீர்ப்பாகவில்லை.
நான் வரிசை எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

பேப்பர் மில்ஸ் ரோடு மார்வின் டிக்ரூஸ்,
ஓய்வுபெற்ற மெயில் டிரைவர்,
உட்காருவதற்கு முன்பே தீர்ப்புச் சொன்னார்:
'த்ரீ ஃபிஃப்டீன் பாசஞ்சர் வண்டி.
எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும், ஆனா போய்ச் சேரும்.
டூ டூ, பிளாட்ஃபாரத்துல தள்ற டிராலி.
தேர்ட்டி நாட் சிக்ஸ் மட்டும்தான் மெயிலு.
கொடி காட்டினா அடுத்தது கூடூர்தான்.'

மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
திருட்டு சைக்கிளுக்குப் புகார் தர வந்த பையன்
வாய் பிளந்து நின்றான்.
திடீரென்று சதக்கத்துல்லா கேட்டார்:
'உங்களுக்கு எது பிடிக்கும் மேடம்?'

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.
பதினொரு ஆண்டு சர்வீஸில் கேட்டவரும் இல்லை.

'த்ரீ நாட் த்ரீ' என்றேன்.

பேச்சு நின்றுபோனது.
'அது எங்களுக்குக் கிடைக்காது' என்றார் நாயுடு மெல்ல.
'பட்டாளத்துத் தோட்டா. வெள்ளைக்காரன் போட்ட தடை.
அதே ரைபிள்தான்,
துளைய மாத்தி நம்ம தலையில கட்டினான்.'
சதக்கத்துல்லா தன் பதினேழையும் பார்த்தார்,
வீட்டில் பெற்ற பிள்ளையைப்
பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டவர் போல.

'எப்படிம்மா உதைக்கும்?'
டிக்ரூஸ் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

ஒத்திவாக்கம் ரேஞ்ச். செம்மண் மேடு.
முதல் இரண்டும் மண்ணுக்குள்.
மூன்றாவதில் மூச்சை எங்கே நிறுத்துவது என்று
உடம்பே கண்டுகொண்டது.
அன்று இரவு தோள் நாவல்பழ நிறம்.
லீவில் போனபோது அம்மா கேட்டாள், எவன் அடிச்சான்?
சிரிப்பு வந்தது. இன்னொரு முறை கிடைக்காதா என்றிருந்தது.
இதையெல்லாம் சொல்லவில்லை.
'நல்லா உதைக்கும் சார்' என்றேன்.
மூவரும் தலையாட்டினார்கள்,
மீதியும் கேட்டுவிட்டது போல.

'உங்க தோட்டா எத்தனை சார்?'

மூக்குக்கண்ணாடி உறையைத் திறந்தார் டிக்ரூஸ்.
பஞ்சுக்கு மேல் படுத்திருந்தது.
'ஒண்ணு.'
மெயில் பற்றி அவ்வளவு பேசியவர்
இப்போது மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடையில் சொல்லும் விலைக்குப்
பென்ஷன் எட்டாது.
சுட்டால் தீர்ந்துவிடும்.
பதினான்கு வருடமாக மாதம் ஒருமுறை துடைக்கிறார்.

நாயுடு ஒன்றும் சொல்லவில்லை.
தன் டப்பாவை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

எழுதினேன்:
தேர்ட்டி நாட் சிக்ஸ். ஒன்று. உயிருடன்.
மூன்றாம் நகலில் எழுத்து மங்கல்.

கேரேஜ் ஒர்க்ஸ் சங்கு ஊதியது.
வெளியே ஓட்டுக் கேட்கும் ஆட்டோ
யாரையோ வாழ்க என்றது.
உறையோடு சேர்த்து நூல் சுற்றி அரக்கு வைத்தேன்.
சூடு படாமல், தள்ளி வைத்து.

வாசல் வரை போனவர் திரும்பினார்:
'ரிசல்ட் வந்ததும்
இதே ஒண்ணத்தானேம்மா குடுப்பீங்க?'