வலவன்

கோல்செஸ்டர், இரவு இரண்டே கால்.
மூன்றாவது பயணத்தையும் ரத்து செய்துவிட்டார்கள்.
டாக்சியை நிறுத்தியிருப்பது
பழைய ராணுவக் குடியிருப்பின் ஓரம்,
தேரோட்ட மைதானத்தின் எட்டு வாசலுக்கு எதிரே.

வாசல் என்றால் வாசல் இல்லை.
மைதானம் என்றால் மைதானமும் இல்லை.
சுவர்க்கல்லை எப்போதோ பெயர்த்து
வேறெதற்கோ கட்டிக்கொண்டார்கள்.
புதுவீட்டுக்குத் தோண்டியபோது அகப்பட்டது
கல் இருந்த பள்ளம்தான்.
பள்ளத்தை வைத்தே நீளம் சொன்னார்கள்,
நானூற்றைம்பது மீட்டர்,
பல் விழுந்த ஈறைப் பார்த்துச்
சிரிப்பை அளப்பது போல.

நடுவில் எத்தனையோ காலம்
பட்டாளத்துக் குதிரைகள் இந்தப் பக்கம் பழகியிருக்கின்றன.
ஒன்றாவது காதை விறைத்துக்
கீழே கேட்டிருக்குமா, தெரியாது.

தேரோட்டியைத் தமிழில் ஒரு காலத்தில்
வலவன் என்றார்கள்.
நாங்கள் எதையும் வலம் வருகிறவர்கள்;
இவர்கள் ஏழு சுற்றும் இடம் வந்தார்கள்.
இடக்கோடிக் குதிரைதான் எல்லாம்.
அது கம்பத்தை உரசாமல் திரும்பினால் பிழைப்பு.
உரசினால்,
இடுப்பில் சுற்றிய கடிவாளத்தை அறுக்க
வாருக்குள் ஒரு கத்தி.
எனக்கு சீட் பெல்ட்.

இந்த ஊர்ப் புதைகுழி ஒன்றில் கிடைத்த
பச்சைக் கண்ணாடிக் கிண்ணத்தில்
நால்வர் இன்னும் ஓடுகிறார்கள்.
ஹீராக்ஸ், விடைபெறு.
ஒலிம்பஸ், விடைபெறு.
ஆன்டிலோக்கஸ், விடைபெறு.
கிரெஸ்கென்ஸ், வாழ்க.
மைதானத்துக்கும் முந்திய கிண்ணமாம்.
அதில் குடித்தவன் இங்கே ஒரு பந்தயமும் பார்த்திருக்க வழியில்லை.
ஆனாலும் யார்மேல் காசு கட்டினானோ,
குழிக்குள் போகும்போதும் கிண்ணத்தை விடவில்லை.

எனக்கு அந்த மூவர்மேல்தான் கண்.
தோற்றான் என்பதற்காக
'விடைபெறு' என்று வெட்டிவிட முடியுமா?
எங்கள் வாயில் அது வராது.
கோபத்தில் தவிர
யாரையும் வெறும் 'போ' சொல்லி அனுப்பியதில்லை.

போன் அதிர்ந்தது. நான்காவது.
மருத்துவமனை வாசலில் ரோவெனா,
தாதிச் சீருடை, கழற்றிய ஷூ கையில்.
கதவைச் சாத்தும்முன்பே தூங்கிப்போனாள்.
ரவுண்டானாவை வலம் வந்தேன்,
இந்த நாட்டுச் சட்டப்படி, எங்கள் கோயில் வழக்கப்படியும்.
அவள் தெருவுக்குள் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்
அங்கே ஒரு கம்பம் நிற்பதாக நினைத்துக்
கொஞ்சம் கூடுதலாகவே விலகினேன்.

இறங்கியவளிடம் வாய் தவறி வந்துவிட்டது,
"போயிட்டு வாங்க."
"நீங்களும்" என்றாள் அவள் மொழியில்,
எதற்கென்று தெரியாமலே.

திரும்பும் வழியில்
அதையே இன்னும் மூன்று பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது.
கண்ணாடியை இறக்கினேன்.