இதர

கேள்வித்தாளோடு வந்தாள் மங்கையர்க்கரசி.
பல்கலைக்கழக முத்திரை, கீழே என் கையெழுத்துக்கு இடம்.
"வெகுமக்கள் இசை என்றால் என்ன?"
பதிலுக்கு ரெண்டு கோடு விட்டிருந்தாள்.
முதுநகர் ஸ்டேஷன் எதிரே என் கடையும்
ரெண்டு கோட்டுக்குக் கொஞ்சம்தான் அகலம்.

மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிறேன்,
நாலு ஜிபி அறுபது ரூபாய்.
ஃபோல்டர் வைத்திருக்கிறேன்: சாமி, சோகம், குத்து,
ஏசு, நாகூர், அம்மா,
தூங்காமல் லாரி ஓட்ட ஒன்று,
கடைசியில் இதர.

எழுதிக்கொள் என்றேன்.
பாடினவன் பேர் தெரியாமல்
பாதியிலிருந்து பாடத் தெரிந்த பாட்டு.
பிடிக்காதவனுக்கும் வரி தெரிந்த பாட்டு.
இல்லை, அதை அடித்துவிடு.
தலைப்பு மறந்து வருகிறவர்
என் கண்ணாடி மேல் விரலால் தட்டிக் காட்டுவது.
தட்டு முடிவதற்குள் நான் கண்டுபிடித்துவிட்டால்
அது வெகுமக்கள் இசை.

"புதிய வகைகள் எப்படி உருவாகின்றன?"
இதற்கு மூணு கோடு.

கேட் இருந்த காலம். ஐப்பசி, தூறல்.
இந்தப் பக்கம்
ஐஸ் கம்பெனி மேஸ்திரியின் பாடை,
முன்னால் பாவாடைராயன் செட்டின் பறை.
அந்தப் பக்கம் கல்யாண ஊர்வலம்,
தைரியநாதனின் பேண்டு, தள்ளுவண்டியில் கீபோர்டு.
கேட் மூடியிருந்தது.
யாரும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் கூலி பிடிப்பார்கள்.

முதலில் சண்டைதான்.
அப்புறம் கை வலி.
அப்புறம் யார் இறங்கி வந்தார்களோ,
மூணு பேர் சீட்டில் நாலாவது ஆள் போல
ஒரு அடியின் இடுக்கில் இன்னொரு அடி
ஒட்டி உட்கார்ந்தது.

சரக்கு ரயில். ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எதுவும் கேட்கவில்லை.
கடைசிப் பெட்டி நகர்ந்தபோது
ரெண்டு பக்கமும் ஒரே அடியில் இருந்தார்கள்.

கண்டக்டர் தாவூத் போனில் பிடித்தது அது.
நான் இதரவில் போட்டேன்.

இப்போது கேட்டால்,
"நான் விட்ட எடத்துலதான் அவன் நொழைஞ்சான்" என்கிறார் பாவாடைராயன்.
"கீபோர்டுல ஒரு கட்டை செத்துப்போச்சு,
அதைத் தாண்டப்போயி வந்தது" என்கிறார் தைரியநாதன்.
மேஸ்திரியின் மகன் எதுவும் சொல்வதில்லை.
அந்தப் பாட்டு வரும்போது
பேருந்திலிருந்து இறங்கிவிடுகிறார்.

பேர் நான் வைக்கவில்லை.
சிங்காரத்தோப்புப் பையன்கள் வந்து
"அந்த கேட் பாட்டு இருக்காக்கா?" என்றார்கள்.
இருந்தது, ஒன்றே ஒன்று.
ஒரு பாட்டுக்கு எதற்கு ஃபோல்டர்?

மூணு வருஷம் கழித்து
பண்ருட்டி பலாமண்டியில் மூட்டை தூக்கும் கலைவண்ணன்
போனிலேயே ஒன்று செய்து கொண்டுவந்தான்.
கேட்டைக் கண்ணால் பார்த்தவன் இல்லை,
அங்கே பாலம் வந்துவிட்டது.
அவன் பாட்டின் நடுவில்
எல்லாம் நின்று வெறும் இரைச்சல்,
பிறகு விட்ட அடியிலிருந்தே தொடங்கியது.

அங்கே ஏன் நிறுத்தினாய் என்றேன்.
"கேட் பாட்டுன்னா அங்க நிறுத்தணும்க்கா."

வராத ரயிலுக்கு வழிவிட்டிருந்தான்.
அன்றைக்குத்தான் ஃபோல்டர் திறந்தேன்.
இப்போது அதில் நூற்றிருபது பாட்டு,
எல்லாவற்றிலும் அந்த ரயில்.

மங்கையர்க்கரசி ஓரத்தில் எழுதிக்கொண்டே
முதல் பதிவைக் கேட்கலாமா என்றாள். போட்டேன்.
ரீசார்ஜுக்கு நின்ற பையன் காது கொடுத்தான்,
உதட்டைப் பிதுக்கினான்.
"இது கேட் பாட்டே இல்லக்கா."

அவனைப்போல் நிறையப் பேர் சொல்லியாயிற்று.
அதனால் அதை
மறுபடி இதரவில் வைத்திருக்கிறேன்.