ஒன்றரை ஸ்டாப்

ஏசி அறையிலிருந்து தெருவுக்கு வந்ததும்
லென்ஸுக்குக் கண் தெரியாமல் போயிற்று.
ஆகஸ்ட் மாதத்து மனாமா, மாலை ஐந்தேகால்.
துடைத்தேன், மறுபடி மூடிக்கொண்டது.
துணியால் துடைக்காதே என்று
முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.
துப்பட்டாவால்தான் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பத்து முகங்கள்.
கையில் இருந்தவை ஆறு.
அதில் மூன்று நானே,
குளியலறைக் கண்ணாடியில்.
ஒன்று குதைபியா சந்தின் பூனை,
அதுவும் முகம்தான் என்று வாதாடிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கோல்டு ஸ்டோர் ரொவேனா.
துளையை முழுக்கத் திறந்து எடுத்தேன்.
இடக்கண்ணின் இமைமயிரை எண்ணலாம்
வலக்கண் மூடுபனிக்குள்.
“எனக்கு ரெண்டு கண்” என்று
விரல் காட்டினாள்.

ஆறாவது, கார் கழுவும் மொஃபிஸுல்.
அரை விநாடி ஷட்டர்.
துடைத்த கை கரைந்துபோய்
ஆள் ஒரு நீலக் கறையாகி
கார் மட்டும் அப்படியே பளபளவென்று நின்றது.
அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு
“நல்ல கார்” என்றான்.

அப்புறம்தான் முத்திருளாண்டி,
வெள்ளை ஓடு பதித்த கட்டடத்தின் வாசலில்
முட்டி போன பிறகு கிடைத்த
வாட்ச்மேன் நாற்காலியில்.

முதல் படத்தில்
கேமரா சுவரைப் பார்த்துக் கூசி
எல்லாவற்றையும் இறக்கிவிட்டது.
முகம் இருந்த இடத்தில் ஒரு தொப்பியும் நிழலும்.
“பேருலயே இருள வச்சுக்கிட்டு
மிசினக் குத்தஞ் சொல்லலாமா” என்றார்.

சக்கரத்தை ஒன்றரை ஸ்டாப் ஏற்றினேன்.
வந்துவிட்டது.
கன்னத்து அம்மைத் தழும்பு, மூக்கோரத்து வியர்வை,
சிமெண்டு தின்ற நகங்கள்,
பழுப்பிலும் கறுப்பிலும் எத்தனை நிறம்!
தெருவிலேயே குதித்தேன்.
அவர் திரையைப் போனில் போல
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். விரியவில்லை.
“செவரு எங்கம்மா?”

“எரிஞ்சிடுச்சு” என்றேன்,
வகுப்பில் சொல்லும் வார்த்தை அதுதான்.
சட்டென்று திரும்பி
சுவரைப் பார்த்தார்.

இருந்தது.
ஒரு தரம் தொட்டும் பார்த்துக்கொண்டார்.

“இந்த முகப்பு பூரா
நாலு பேரு ஒட்டுனது.
ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டான்,
ஒருத்தன் கத்தாரு.
என் மூஞ்சி வீட்ல எல்லாருக்கும் தெரியும்மா.
செவரத்தான் யாரும் பாத்ததில்ல.”

எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை.
முகத்துக்கு ஏற்றினால் சுவர் போகிறது
சுவருக்கு இறக்கினால் இவர் போகிறார்.
புத்தகத்தில் இதற்கு ஒரு வரைபடம் உண்டு,
அம்புக்குறி போட்டது.

மக்ரிப் பாங்கு வரைக்கும் உட்கார்ந்தோம்.
பாங்குக்குப் பிறகு
சுவரும் ஆளும் சரிக்குச் சரியாகும்
ஏழெட்டு நிமிஷம் வரும் என்று
எங்கேயோ படித்திருந்தேன்.
ரொவேனா இடைவேளையில் வந்து
மீன் வாடை போகாத தெர்மோகோல் மூடியை
அவர் தாடைக்குக் கீழே பிடித்தாள்.
கோல்டு ஸ்டோர் டியூப்லைட்
அதில் பட்டு மேலேறியது.
மொஃபிஸுல் வாளியைக் கவிழ்த்து அதில் என்னை ஏற்றி
முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

“அசையாதீங்க, மூச்சுகூட வேணாம்” என்று
நானும் மூச்சை நிறுத்தி
அழுத்துகிற நொடியில்
“தா பாரு, மூணாவது வரிசை,
அந்தக் கோணக் கல்லு,
அது நான் வச்சது இல்ல” என்று
முழுசாகத் திரும்பிவிட்டார்.

ஏழாவது படத்தில்
ஒரு பிடரி, ஒரு காது, நீட்டிய விரல்.
ஓடுகளின் ஒவ்வொரு இணைப்பும்
நூல் பிடித்தாற்போல் தெளிவு,
அந்த ஒன்றைத் தவிர.

பெயர் கேட்கும் கட்டத்தில்
முத்திருளாண்டி என்றே எழுதிக் கொடுத்தேன்.
இன்னும் மூன்று முகம் பாக்கி.