நிறையும் நீளமும்

முதல் மீனுக்கே விரலைக் கொடுத்துவிட்டேன்.
தோள்முள்ளை விரித்துப் பூட்டிக்கொண்டு
கிர்ரென்றது கெளிறு.
முழங்கைவரை கடுத்தது.
"அதையும் எழுதுங்கோ" என்றான் எமிலியான்,
வலையிலிருந்து திலாப்பியாவை உதறியபடி.

வவுனிக்குளம். விடிய ஐந்தே முக்கால்.
கட்டில் அடிக்கும் காற்றுக்குத்
தராசின் கடைசி இலக்கம் நிற்கவே மாட்டேனென்கிறது.
ஐஸ்கிறீம் பெட்டியை வெட்டி அதற்கொரு கூடு செய்தோம்.
நாலு சோடி மீசை. பக்கத்தில் கருங்கோடுகள்.
மூக்கு நுனியிலிருந்து வால் கவடுவரை
ஒன்பது தசம் நான்கு.
நிறை எட்டு தசம் மூன்று.
அடுத்தது.

"இதுக்குக் கிலோ என்ன விலை?"
"ஆர் நிறுத்தது?"
திலாப்பியாவோடு தவறி ஏறுகிற சாதி.
கையைக் குத்தியதற்குத் தண்டனையாய்க்
கரையில் கிடந்து காயும், காகத்துக்கு.
ஆகவே என் ஆய்வுக்கு இலவசம்.

தை தொடங்கி மார்கழிவரை
முந்நூற்றுப் பன்னிரண்டு உடல்கள்
மடக்கைத் தாளில் புள்ளிகளாய் விழுந்தன.
நடுவால் ஒரு கோடு இழுத்தேன்.
ஒரு மீனையும் தொடாமல்
எல்லா மீனையும் பற்றிப் பேசுகிறது அது.
சாய்வு இரண்டு தசம் எட்டு ஏழு.
மூன்றென்றால் குஞ்சும் தாயும் ஒரே வார்ப்பு.
மூன்றுக்குக் கீழே என்றால்
நீள நீள மெலிகிற இனம்.

ஐப்பசியில் அலைகரைப் புல் நனைந்தபோது
பெண்களின் வயிறு தினை நிறத்தில் திரண்டிருந்தது.
கார்த்திகையில் வான் பாய்ந்த கிழமை
அதே நீளம், தொங்கும் தோல்.
உடல்நிலைக் காரணி சரேலென்று இறங்கிற்று.
அதற்கு நான் கவலைப்படவில்லை.
சுமந்ததை இறக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆவணியில் வந்தது வேறு.
சிறுபோகத்துக்குத் துருசு திறந்து திறந்து
குளம் ஒரு மடுவாய்ச் சுருங்கிக் கிடந்தது.
பதினொன்று தசம் இரண்டு.
நிறை ஒன்பது தசம் ஒன்று.
இரண்டு தரம் நிறுத்தேன்.
தலை மட்டும் பெரிய மீனுடையது,
பின்னால் வேறு யாருக்கோ தைத்த உடம்பு.
இரைப்பையில் கொஞ்சம் மண், நுளம்புப் புழு ஒன்று.
காரணி ஒன்றைக் கூடத் தொடவில்லை: தசம் ஆறு ஐந்து.

"விலகின புள்ளி. எடுத்துவிடலாம்"
என்று மேற்பார்வையாளர் சிவப்பால் வட்டமிட்டார்.
நான் எடுக்கவில்லை.

நிறை போகும், வரும்.
அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த மாதத்துக் குளம்.
நீளம் பழைய மழைகளின் கணக்கு.
உயிரோடிருந்தால் கெளிறு
அடுத்த மாரியில் விட்ட இடத்திலிருந்து நீளும்.
மீனுக்கு அந்தச் சலுகை உண்டு.

இரண்டாயிரத்து ஒன்பதில் எனக்கு நாலு வயது.
வெள்ளைக் கூடாரத்துக்குள் ஒரு மேசை.
இடது மேற்கையில் நாடாவைச் சுற்றினார்கள்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
மஞ்சளில் நின்றது.
அவள் எழுதிக்கொண்டாள்,
பிஸ்கட் பொதி ஒன்றைக் கையில் வைத்தாள்.
முகத்தைப் பார்க்காமலே
"அடுத்தது" என்றாள்.

நிறை எனக்கு ஒரு வருசத்தில் திரும்பிவிட்டது.
நீளம் நூற்று நாற்பத்தெட்டில் நின்றுவிட்டது.
தம்பி பன்னிரண்டில் பிறந்தவன்,
மேல்தட்டிலிருந்து ஏணியில்லாமல்
எனக்குச் சீனிப்போத்தல் எடுத்துத் தருகிறான்.

"அந்த மெலிஞ்சதை என்ன செய்தனீங்கள்?"
எமிலியான் இன்னும் கேட்கிறான்.
போத்தலில் இருக்கிறது, போமலினில்.
நேற்று எடுத்துத் திரும்ப அளந்தேன்.
பதினொன்று சரி. இரண்டு மில்லிமீற்றர் குறைவு.
நிறை சற்றே கூட.
பேணி வைத்தால் அப்படித்தானாம்,
சுருங்குமாம், கனக்குமாம்.

குறிப்பேட்டில்
பழைய இலக்கத்தை அப்படியே விட்டேன்.