காரணம் எழுத ஒரு கட்டம்

எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார் மருதவீரன்.
மழையா? ஆமா.
வெயிலா? ஆமா.
நோர்வூட் வளைவில் லொறி புரண்டபோது
மற்ற சொற்களெல்லாம் பள்ளத்தில் போயின.

ஏழாம் நம்பர் லயத்தில்
தாள்களை விரித்தேன்.
அண்ணன் போட்ட கையெழுத்து
படிவத்துக்குப் போதும்.
"ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் எடுக்கலாமா?"
ஆமா.

ஊசியின் உறையைக் கழற்றினேன்.
கை மெல்லக்
கம்பளிக்குள் போய்விட்டது.
அண்ணன் பிடித்து இழுத்தார்:
"தம்பிக்கு வெளங்காதுங்க, நீங்க எடுங்க."
உள்ளே விரல்கள்
எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

ஊசியை மூடினேன்.
பேராதனைக்குப் போகும் தாளில்
காரணம் எழுத ஒரு கட்டம்,
தீப்பெட்டி அளவு.
"மறுத்தார்" என்று எழுதினேன்.
யார் என்று கேட்பார்கள்.

தேத்தண்ணி வந்தது.
சீனி போதுமா என்றேன்.
ஆமா.
கை இன்னும் வெளியே வரவில்லை.