எண்ணும் எண்ணமும்

பேர்ன் நகரம், லெங்காஸ, மூன்றாம் மாடி.
கீழே பன்னிரண்டாம் இலக்க பஸ்
மூச்சுவிட்டு நின்று, கிளம்பிப் போகிறது.
மொழிபெயர்க்க எனக்கு மணிக்கு எழுபது பிராங்க்.
மேசையில் தண்ணீர் உண்டு, டிஷ்யூப் பெட்டி உண்டு.
பெட்டி எனக்கானதில்லை.

முதல் நாளே ஒரு சொல்லில் இழுபறி.
"சாக வேண்டுமென்று நினைத்ததுண்டா?"
கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை.
ஆய்வாளர் ரெகுலா ஏபிஷருக்கு நான் விளக்கினேன்:
எங்கள் சனத்துக்குப்
பல்லுக்குத்து வந்தாலும் செத்திடலாம் போல கிடக்கும்.
சபை நடுவே சீலை கிழிந்தாலும்,
மகன் சோதனையில் கோட்டைவிட்டாலும்,
கண்ணெதிரே கடைசி பஸ் போனாலும்
அப்படித்தான் கிடக்கும்.
இந்தக் கணக்கில் எல்லாரும் ஆம்.

அவர் சிரிக்கவில்லை. பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்:
"நினைப்பவர்கள் நிறையப் பேர்.
அதில் சிலர்தான் எழுந்து நடக்கிறார்கள்.
நினைக்க வைப்பது ஒன்று.
நினைப்பைக் கையில் எடுத்துக் கொடுப்பது வேறொன்று.
துயரத்தை நிறுத்துப் பார்த்தால் மட்டும்
அந்த வேறொன்று அகப்படுவதில்லை."

நாற்பத்தோராம் எண் புதன்கிழமை வந்தார்.
தூண் ஏரிக்கரை ஹோட்டல், குசினி, பதினேழு வருடம்.
ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.
வெங்காய மணமும் அவரோடு உட்கார்ந்தது.

மனதில் படம் போல் ஓடியதா?
ஓடினது.
நாள் குறித்ததுண்டா?
நெடுநேரம் சுவரைப் பார்த்தார்.
"நாள் குறிக்கிறது கலியாணத்துக்கெல்லோ, பிள்ளை."
இதை ஜெர்மனில் சொல்ல
எனக்கு மூன்று வாக்கியம் பிடித்தது.
மூன்றிலும் அந்தச் சிரிப்பு இல்லை.

பிறகு பனிநீர்ச் சட்டி.
வலியைத் தாங்கப் பழகிய கை
அச்சத்தையும் தாங்கிவிடக்கூடும் என்றொரு கணிப்பு.
கையை விடுங்கோ, ஏலாதபோது எடுங்கோ.
முன்பு வந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள்,
கெட்ட வார்த்தை சொன்னார்கள், எடுத்தார்கள்.
இவர் எடுக்கவில்லை.
ஒரு நிமிடம். இரண்டு.
ஏபிஷரின் பார்வை கடிகாரத்தை விட்டு
அவர் முகத்துக்குப் போனது.
மூன்று.
"காணும், எடுங்கோ" என்றேன்.
யாரும் சொல்லாததை நான் மொழிபெயர்த்தது
அன்று மட்டும்தான்.

கையை ஜீன்ஸில் துடைத்தார்.
"இதென்ன குளிர்?
காலமை மீன் ஃப்ரீசர், பின்னேரம் கொதிதண்ணி.
இந்தக் கைக்கு ரெண்டும் ஒண்டுதான்."

தாளில் அந்த மூன்று நிமிடம்
ஆபத்து என்ற பக்கத்தில் சாய்ந்து நின்றது.
ஓரத்தில் எழுதச் சொன்னேன்: குசினி, பதினேழு வருடம்.
எழுதினார். கேள்விக்குறியையும் போட்டார்.

கடைசிக் கேள்வி படிவத்தில் இல்லை.
அண்டைக்கு இரவு, பிறகு என்ன நடந்தது?
ஒரு மகளை எதிர்பார்த்தேன், ஒரு கடவுளை,
குறைந்தது ஊரிலிருந்து ஒரு தொலைபேசியை.

"குக்கரில சோறு போட்டிருந்தனான்.
டிக்கெண்டு சத்தம் கேட்டுது.
ஆறப்போகுதெண்டு போட்டுச் சாப்பிட்டன்.
நித்திரை வந்திட்டுது.
விடிய எழும்பி டொக்டருக்கு அடிச்சன்."

சொல்லிவிட்டு ஜாக்கெட் ஸிப்பை மேலே இழுத்தார்.
கதவருகே நின்று கேட்டார்:
"அடுத்த புதனும் வரலாமோ?
கை வைக்கிறதுக்கில்லை. கதைக்கிறதுக்கு."
இதற்கு ஒரு வாக்கியமே போதுமாயிருந்தது.
ஏபிஷர் உடனே நாட்குறிப்பைத் திறந்தார்.

சோற்றுக்குக் கட்டம் இல்லை.
'மற்றவை' என்ற வரியில் எழுதினோம்,
வரி போதாமல் பின்பக்கமும்.

சட்டியைக் கழுவும்போது அவருக்குச் சொன்னேன்:
தமிழில் ஒன்று இரண்டு என்று எண்ணுவதும்
மனதுக்குள் எண்ணுவதும் ஒரே சொல்தான்.
"அப்படியானால் எதுவென்று எப்படித் தெரியும்?"
பக்கத்தில் என்ன நிற்கிறதென்று
பார்த்தால்தான் தெரியும், என்றேன்.

அவர் மறுபடி பென்சிலைத் தேடினார்.
தொட்டியில் பனிக்கட்டி இன்னும் கரைந்துகொண்டிருந்தது.
என் பஸ் போய்விட்டது.