ஒரே மாதிரி

பட்டிப்பொல ஸ்டேஷனுக்குப் பின்னால்
சைப்ரஸ் மரத்தில், நெஞ்சு உயரத்தில்,
ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் ஏறி
இரண்டு இலைக்கன்.
மழை விட்டதும் பச்சை, காய்ந்தால் சாம்பல்,
இரண்டுமே.

கைவில்லை வைத்துப் பார்த்தால்
ஒன்றின் விளிம்பில் தூள்,
மா அரிக்கையில் அரிதட்டைச் சுற்றி எழும் புகை மாதிரி.
மற்றதன் முதுகில் பொடிப்பொடியாய்க் குச்சிகள்,
மீசை வரப் பார்க்கும் பையனின் மேலுதடு மாதிரி.
ஈரநாளில் அதுவும் தெரியாது.

சுகிர்தா பிளேடால் தோலைச் சுரண்டினாள்.
உள்ளே இரண்டும் வெள்ளை.
கக்கூஸ் கழுவும் குளோரின்
இதற்கு ஒரு சொட்டு,
அதற்கு ஒரு சொட்டு.
நான்கு எண்ணுமுன்
குச்சி முளைத்தது சிவந்தது.
தூள் பூசியது
தன்னை யாரோ கூப்பிட்டது
காதில் விழாததுபோல் இருந்தது.

என் சப்பாத்துக்குள் அட்டை கடித்த இடமும்
அதே சிவப்பு.
அதை நாங்கள் பதியவில்லை.

தண்டவாளம் பார்க்க வந்த பியதிலக
மரத்துக்குச் சொறியா என்றார்.
இல்லை என்றோம்.
பிறகு ஏன் மருந்து போடுகிறீர்கள் என்றார்.

இரண்டும் உள்ளே வைத்திருப்பது
ஒரே அல்காவை என்கிறது புத்தகம்.
வெயிலில் சமைப்பது அது.
பங்கசு வெறும் சுவர், கூரை.
சோறு ஒன்று.
பெயர் என்னவோ சுவருக்குத்தான்.

கணக்கெடுக்க வந்தவர் எங்கள் லயத்தில்
இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்றார்.
அப்பா ஒன்றைச் சொன்னார்.
அடுத்த காம்பராவில் சித்தப்பா மற்றதை.
நடுவே ஒரு தகரம், அதில்
இரண்டு வீட்டுச் சட்டியும் தாளிக்கும் சத்தம் கேட்கும்.
சுகிர்தாவிடம் சொன்னேன். அவள் பருத்தித்துறை.
எங்களிடம் யாரும் கேட்கவே இல்லையே,
அவராகவே எழுதிக்கொண்டு போனார் என்றாள்,
போத்தல் மூடியைத் திருகியபடி.

நாற்பத்தோராவது உறைக்கு
இரண்டும் ஒட்டிய துண்டு,
எது ஏறியது எது கிடந்தது என்று பிரியாத இடம்.
சொட்டு விட்டோம்.
சிவப்பு மாதிரி வந்தது என்றேன்.
மாதிரியா, வந்ததா? என்றாள்.
அதற்குள் மேகம் இறங்கி
அவள் முகமே தெரியவில்லை.

பென்சிலால் எழுதினேன்:
இடம், உயரம், மரம், திகதி.
இனம் என்ற கோட்டை
விடுதிக்குப் போய்ப் பார்ப்போம் என்றாள்.
மூன்றே முக்கால் ரயில் இன்னும் வரவில்லை.
உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்,
நனைந்தால்
இரண்டும் பச்சையாகிவிடும்.